பெட்ரோல் முள் படுத்துவிட்டால் டேங்கிலிருந்து தொடங்குங்கள்

மாருதி 800, அம்பாசடர் போன்ற வயதான வண்டிகளில் பெட்ரோல் முள் வேலை செய்யாவிட்டால் பலரும் முதலில் கை வைப்பது டாஷ்போர்டில். அது தலைகீழான வேலை. முள் இருக்கும் மீட்டர் கண்ணாடிக்குள்ளே காய்ந்த இடத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்துச் சொல்லும் ஃப்ளோட் (மிதவை) யூனிட் அப்படியா? இருபது முப்பது வருடமாகப் பெட்ரோலில் ஊறி, ஒவ்வொரு குழிக்கும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் ஒயரும் எர்த்தும் மழைத் தண்ணீரும் சேறும் அடிக்கிற இடத்தில். பெரும்பாலும் கெடுவது அந்தப் பக்கம்தான்.

சரிபார்க்கும் முன் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். சாவியைப் போட்டதும் கரண்ட், மீட்டர் வழியாக ஒற்றை ஒயரில் டேங்க் யூனிட்டுக்குப் போய், அங்கிருந்து பாடி எர்த்தில் இறங்குகிறது. ஃப்ளோட் மேலே ஏறினால் யூனிட்டின் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரண்ட் கூடும், மீட்டருக்குள் உள்ள இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளையும், முள் எஃப் (நிறைவு) பக்கம் நகரும். அதனால் ஒயர் எங்காவது அறுந்தாலோ எர்த் போனாலோ முள் இ-யிலேயே (காலி) கிடக்கும். ஒயர் உரிந்து பாடியில் உரசினால் டேங்க் காலியானாலும் எஃப்-ஐ விட்டு இறங்காது. மிகப் பழைய சில மாடல்களிலும், ஜி.எம். வகை அமெரிக்க வண்டிகளிலும் இது நேர்மாறு: காலியில் 0 ஓம், ஒயரைக் கழற்றினால் முள் எஃப்-க்குப் போகும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய ஒயரைக் கழற்றிப் பார்த்தாலே போதும்.

முள் கிடக்கிற விதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. பெட்ரோல் முள்ளோடு டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து படுத்தால் ஃப்யூஸைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால், அம்பாசடர் போல ஸ்மித்ஸ் வகை மீட்டர் உள்ள வண்டிகளில், மீட்டர் போர்டின் பின்னால் உள்ள 10 வோல்ட் ஸ்டெபிலைசரோ அதன் எர்த்தோ போயிருக்கும். அதன் அவுட்புட்டை மல்டிமீட்டரில் அளந்தால் நிலையாக நிற்காது. பழைய ஸ்டெபிலைசர் விட்டுவிட்டுத்தான் கரண்ட் தரும், அது கோளாறு அல்ல. மாற்றுவதானால் மூன்று கால் 7810 ரெகுலேட்டர் ஒன்று போதும். உலோக முதுகுதான் அதன் எர்த், அதைப் பாடியில் நன்றாகத் திருகி வையுங்கள். பெட்ரோல் முள் மட்டும் தனியாகப் படுத்தால் வேலை டேங்கில். கால் டேங்க்வரை ஒழுங்காக வந்து சட்டென்று விழுந்தால் யூனிட்டுக்குள் தொடு விரல் உரசி நகரும் ரெசிஸ்டன்ஸ் தடம் தேய்ந்திருக்கிறது. நிறைய அடித்தும் பாதிக்கு மேல் ஏறாவிட்டால் ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்திருக்கலாம், எர்த் பலவீனமாகவும் இருக்கலாம்.

இனி சோதனை. டேங்கை இப்போது திறக்க வேண்டாம். பின்பக்கம் யூனிட்டுக்குப் போகும் கனெக்டரைத் தேடுங்கள்: சில வண்டிகளில் டிக்கி மேட்டுக்குக் கீழே, சிலவற்றில் பின்சீட்டுக்குக் கீழே, சிலவற்றில் வண்டிக்கு அடியில்தான் கை போகும். கனெக்டரைக் கழற்றி, மீட்டரிலிருந்து வரும் ஒயரை ஒரு 12 வோல்ட் 3.4 வாட் பல்ப் வழியாகச் சுத்தமான எர்த்தில் தொடுங்கள். சாவியைப் போட்டுக் காத்திருங்கள். பல்ப் எரிந்து முள்ளும் மெல்ல ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம், குற்றவாளி டேங்கில்தான்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, இரண்டு விநாடி தொட்டுவிட்டு ‘மீட்டர் காலி’ என்று தீர்ப்பு எழுதுவது. முள் சூட்டில் நகர்வது. அரை நிமிடமாவது கொடுங்கள். இன்னொன்று, பல்ப் இல்லாமல் ஒயரை நேராக எர்த்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவது. நன்றாக இருந்த மீட்டரின் காயில் அப்படித்தான் எரிகிறது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பல்புக்குப் பதில் 10 ஓம், 100 ஓம் என இரண்டு 5 வாட் ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 10 ஓமில் முள் எஃப் அருகே ஏற வேண்டும், 100 ஓமில் கீழ்ப்பாதிக்கு இறங்க வேண்டும். ஏறாவிட்டால் அதே சோதனையை மீட்டரின் பின்பக்க முனையில் செய்யுங்கள். அங்கே ஏறினால் இடையில் ஒயர் அறுந்திருக்கிறது. அங்கும் ஏறாவிட்டால்தான் டாஷ்போர்டைக் கழற்றும் நேரம். அப்போதும் புது மீட்டருக்கு ஓடாதீர்கள். பின்னாலுள்ள பிரிண்டட் சர்க்யூட்டில் செம்புக் கோடு எழும்பியிருக்கிறதா, சின்ன நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

டேங்க் பக்கம்தான் என்று தெரிந்தபின் முதலில் எர்த். துருப்பிடித்த போல்ட், புதிதாக அடித்த பெயின்ட், டேங்குக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் எல்லாம் எர்த்தைக் கெடுக்கும். கனெக்டரை மாட்டி, சாவியைப் போட்டு, யூனிட்டின் தகட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் அளவுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. தகட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் ஒயர் இழுத்துவிட்டால் பல வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். டேங்கில் கால்பங்குக்குக் கீழே பெட்ரோல் இருக்கும்போது, திறந்த வெளியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு. பக்கத்தில் செல்போன், கம்பியில் தொங்கும் பல்ப், பீடி எதுவும் வேண்டாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். யூனிட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே திறங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள். ஸ்க்ரூ துளைகள் சம இடைவெளியில் இல்லாமல் இருக்கலாம், அதனால் தகட்டிலும் டேங்கிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பூட்டு வளையம் இருந்தால் பித்தளை அல்லது மரத் துண்டை வைத்துத் தட்டுங்கள். இரும்போடு இரும்பு பொறி கிளப்பும். யூனிட்டைச் சாய்த்து, கம்பிக் கையை வளைக்காமல் மெதுவாக உருவுங்கள். துளையைத் துணியால் மூடுங்கள்.

வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, யூனிட்டைச் செய்தித்தாளில் வைத்து, மல்டிமீட்டரை 200 ஓமில் திருப்பி (அம்பாசடருக்கு 2000), ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையை டெர்மினலிலும் வையுங்கள். ஃப்ளோட்டை அடியிலிருந்து மேலே ஒரே சீராக, பத்து விநாடி எடுத்து ஏற்றுங்கள். எண் படிப்படியாக இறங்க வேண்டும். சுசுகி வகையில் அடியில் நூற்றுச் சொச்சம் ஓம், உச்சியில் பத்துக்குக் கீழ். அம்பாசடர் வகையில் அடியில் இருநூறுக்கு மேல் தொடங்கும். நடுவில் ஓரிடத்தில் எண் காணாமல் போய் இடப்பக்கம் வெறும் 1 மட்டும் நின்றால், அங்கே தடம் விட்டிருக்கிறது. அழுக்கு மட்டுமானால் கான்டாக்ட் க்ளீனர் அடித்து, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தொடு விரலை மயிரிழை அளவு உள்ளே வளைத்தால் பிடித்துக்கொள்ளும். உப்புத்தாள் வேண்டாம். தலைமுடி போன்ற கம்பிச் சுற்று ஓர் இழுப்பில் அறுந்துவிடும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை எங்கே என்று குமிழி காட்டிக்கொடுக்கும். ஈயம் வைப்பதற்கு முன் உள்ளே உள்ள பெட்ரோல் ஒரு சொட்டு விடாமல் வெளியேறியிருக்க வேண்டும். அரைகுறையாகக் காலி செய்த ஃப்ளோட்டைச் சூடாக்கினால் அது வெடிகுண்டு. பிளாஸ்டிக் என்றால் ஒட்டிப் பயனில்லை, மாற்றுங்கள்.

புது யூனிட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. வடிவம் பொருந்துவது மட்டும் போதாது. கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து அடி, உச்சி அளவுகளைப் பழையதோடு ஒப்பிடுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கும் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும்) வண்டிக்கும் யூனிட் வேறு. கேஸ்கெட்டைக் கட்டாயம் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் உப்பிப்போகும். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் நிற்காது. மாட்டிய பிறகு டேங்கை நிரப்பி, ஒருமுறை வேகமாக வளைத்து ஓட்டி, தகட்டைச் சுற்றி ஈரமோ வாசனையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியாகும்வரை வண்டியை ஓட்டத்தான் வேண்டும். லாரிக்காரர் போலக் குச்சி விட்டுப் பார்க்கக் காரில் முடியாது, டேங்கின் கழுத்து வளைந்திருக்கும். நிரப்பிவிட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். ட்ரிப் இல்லாவிட்டால் பில்லின் பின்னால் கிலோமீட்டரை எழுதுங்கள். டேங்க் 28 லிட்டர், ஊருக்குள் லிட்டருக்கு 14 என்றால் கணக்குப்படி 392 கிலோமீட்டர். 250-லேயே பங்குக்குப் போய்விடுங்கள். ஏசி, மலைப்பாதை, நெரிசல் எல்லாம் அந்தக் கணக்கைச் சாப்பிடும். டேங்குக்குள் பம்ப் உள்ள வண்டிகளில் பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டால் முள்ளைவிடப் பல மடங்கு பெரிய செலவு வரும். டீசல் அம்பாசடர் வற்றினால் லைனில் காற்று ஏறும், ரோட்டோரம் நின்று பம்ப் அடித்துக் காற்றை எடுக்க வேண்டும்.

புது யூனிட் போட்ட முதல் டேங்கில் ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் முள் எங்கே நிற்கிறது என்று சமதரையில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். முள் இ-க்கு வந்த பிறகு பங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்பதையும் எழுதுங்கள். 28 லிட்டர் டேங்கில் 23 பிடித்தால் மீதி 5 உங்கள் ரிசர்வ். முழு 28-ம் பிடித்தால் ரிசர்வே இல்லை. அப்போது யூனிட்டை மறுபடி எடுத்து, ஃப்ளோட்டின் கம்பியை நாலைந்து மில்லிமீட்டர் மேல்நோக்கி வளைத்துப் போடுங்கள்.