அந்தமானில் ஊர் மக்களைப் பார்க்க ஒரு காலைப்பொழுது

இராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ அந்தமானுக்கு விடுமுறையில் செல்பவர்கள், செல்லுலார் சிறையையும் ஹாவ்லாக் கடற்கரையையும் பார்த்து முடித்த பின், ஒரு காலைப்பொழுதையாவது ஊர் மக்களைக் காண்பதற்கென ஒதுக்கிக்கொள்வது நல்லது. தீவுகள் வெகுதூரம் கிழக்கே இருந்தும் இந்திய நேரமே அங்கும் வழங்குவதால், ஐந்து மணி வாக்கிலேயே பொழுது புலர்ந்துவிடும். மாலையும் சீக்கிரமே இருட்டிவிடும். ஆகவே விடியற்காலையில் எழுந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதிக்குச் சென்று, மீன் இறங்குவதைப் பாருங்கள். கூடை சுமந்து வருபவரின் வழியை மறிக்காமல், ஈரத்தரையின் ஓரமாக நிற்க வேண்டும் என்பதைக் காசிமேட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாங்கும் எண்ணமில்லாமலேயே செவுளைத் தூக்கிப் பார்க்கும் நம்மூர்ப் பழக்கத்தை அங்கே அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு அபர்தீன் கடைத்தெருவில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு சற்று உட்கார்ந்தால், வங்காளமும் தெலுங்கும் தமிழும் பேசும் குடும்பத்தினர் தங்களுக்குள் இந்தியைப் பொதுமொழியாகப் புழங்குவதைக் கேட்கலாம். தமிழில் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல யாராவது இருப்பார்கள். படம் எடுக்குமுன் மட்டும் அனுமதி கேளுங்கள். ஜாரவா பழங்குடியினரைப் படம் எடுப்பதற்கோ, அவர்களுடைய வனப்பகுதியில் வண்டியை நிறுத்துவதற்கோ எந்த நிலையிலும் முயலக்கூடாது. அது சட்டப்படி குற்றம்.