ஞாயிறுக்குச் சனிக்கிழமையே தயாராகிவிடுங்கள்

போலந்துக்குக் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை, பால் வாங்கப் பையோடு கிளம்பினேன். கடையின் தானியங்கிக் கதவு அசையவே இல்லை. இடம் மாறி நின்று பார்த்தேன், கையை ஆட்டியும் பார்த்தேன். உள்ளே விளக்கே எரியவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

2018 முதல் இங்கே பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆண்டில் சில ஞாயிறுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘நியெஜெலா ஹண்ட்லோவா’ (niedziela handlowa, கடை திறக்கும் ஞாயிறு) என்று தேடினால் அந்த ஆண்டின் தேதிகள் கிடைத்துவிடும். மறந்துபோனால் பெட்ரோல் பங்க் கடை கைகொடுக்கும்.

சனிக்கிழமை வாங்கும்போது பால் அடுக்கில் ‘மஷ்லான்கா’ இருக்கிறதா பாருங்கள். மோர்தான், நம்முடையதைவிடக் கொஞ்சம் கெட்டி. தண்ணீர் விட்டு, உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டால் ஊர் நினைவு வந்துவிடும். பெருங்காயம் மட்டும் நீங்கள் கொண்டுவந்திருக்க வேண்டும்.

கடை இல்லாத ஞாயிறு ஊர் சுற்றுவதற்கு. கிராக்கோவில் இருப்பவர்கள் முதலில் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்குப் போகலாம். ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. தொடக்கத்திலேயே சுமார் 380 மரப்படிகள் இறங்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மேலே வருவதற்கு லிஃப்ட் இருக்கிறது. கோடையிலும் கீழே குளிர்ச்சிதான், ஒரு ஸ்வெட்டர் போதும். புனித கிங்கா தேவாலயத்தில் கொஞ்சம் நின்று அண்ணாந்து பாருங்கள்: தொங்கும் சரவிளக்குகளில் மின்னுவது கண்ணாடியல்ல, உப்புப் படிகம்.