பிரைக்கஸ்டூலன் ஏற மதுரையிலிருந்தே தயாராவது எப்படி?

நார்வே என்றதும் பலரும் போட்டோவில் பார்த்து மயங்குவது ட்ரோல்துங்கா பாறையைத்தான். ஷெகெடாலிலிருந்து போய்வர 27 கிலோமீட்டர், 10 முதல் 12 மணி நேரம். மலையேறிப் பழக்கமில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். பிரைக்கஸ்டூலன் போதும்: லீசெ ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீளும் கடல் நீர்ப்பகுதி) தண்ணீருக்கு மேல் 604 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் பாறைத்தட்டு. போய்வர 8 கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரம். மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம்.

பயிற்சியை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை வேன் பிடிக்காமல் நடங்கள். இறங்கும்போதும் நடைதான், முட்டி வலி இறக்கத்தில்தான் தெரியும். பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும், தின்பண்டம் வெளியே தெரிய வேண்டாம், குரங்கு விடாது. ஆனால் அழகர்கோவில் பாதை தார்ச்சாலை. பிரைக்கஸ்டூலன் பாதையில் உருண்டைக் கற்களும், நேபாள ஷெர்பாக்கள் அடுக்கிய கல்படிகளும்தான் அதிகம். அதற்குக் கீழக்குயில்குடி சமணர்மலைப் படிகளில் சில காலை ஏறி இறங்குங்கள். நார்வேயில் போடப்போகும் அதே ஷூவோடு! புது ஷூ பாதி வழியிலேயே குதிகாலில் கொப்புளம் போட்டுவிடும்.

நம்மூர் வெயிலுக்குப் பருத்தி சரி, அங்கே அதுதான் வில்லன். ஜூலையிலும் 15 டிகிரி வாக்கில்தான் இருக்கும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த பனியன் காயாது. உச்சியில் உட்கார்ந்ததும் நடுக்கம் எடுக்கும். உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி, மேலே ஃப்ளீஸ் (கதகதப்பான செயற்கை இழைச் சட்டை), அதற்கும் மேல் தொப்பி வைத்த மழைக்கோட்டு. குடையைக் காற்று திருப்பிவிடும்.

நார்வே போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இட்லிப்பொடி கொண்டுபோகலாம். பால்கோவா, நெய், மட்டன் சுக்கா வேண்டாம்: பால், இறைச்சிப் பொருட்களுக்குத் தடை.

பக்கத்து நகரமான ஸ்டாவாங்கரிலிருந்து பஸ், கடலுக்கடியில் போகும் 14 கிலோமீட்டர் ரீஃபில்க்கே சுரங்கம் வழியாகப் போகிறது. படகில் ஏறச் சொல்லும் குறிப்புகள் 2019க்கு முந்தையவை. காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் தட்டில் கூட்டம் குறைவு. விளிம்பில் கம்பிவேலி கிடையாது. ஈரப்பாறை வழுக்கும், காற்று தள்ளும். செல்ஃபியை நடுத்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டால் ஆம்புலன்சுக்கு 113. கடைசி பஸ் நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள், டாக்சிக்கு நிறையப் பணம் போகும்.