டீன் மேசையில் கோப்பு தேங்காமலிருக்க: பல்கலைக்கழகத்தில் அதிகாரத்தை ஒப்படைக்கும் முறை

கோலாலம்பூரோ பினாங்கோ, பல பல்கலைக்கழக அலுவலகங்களில் இதுதான் நிலை: எண்பது ரிங்கிட் எழுதுபொருள் பில்லும் எட்டு லட்சம் ரிங்கிட் ஆய்வகக் கருவியும் ஒரே டீனின் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கும். அந்த ஒப்புதல் அதிகாரத்தைக் கீழே பிரித்துக் கொடுப்பதைத்தான் மலாயில் ‘பெனுருனான் குவாசா’ என்கிறோம்.

முதலில், அதிகாரம் யாருடையது?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் அமைப்பு விதிகளையும் எடுத்து வையுங்கள். தனியார் என்றால் 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டமும் இயக்குநர் வாரியத் தீர்மானங்களும். இரண்டே கேள்விகள்: இந்த முடிவு யாருக்குரியது? அவர் அதைப் பிறருக்குக் கொடுக்க விதி இடம் தருகிறதா? செனட்டுக்கு (பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவைக்கு) உரியதை டீன் எடுத்துத் துறைத் தலைவருக்குக் கொடுக்க முடியாது. தன்னிடம் இல்லாததைக் கொடுத்தால் அந்த ஒப்புதல் செல்லாது.

முடிவுகளைப் பட்டியலிடுங்கள், ஆட்களை அல்ல

கடந்த ஆறு மாதக் கோப்புகளைப் புரட்டி, எடுக்கப்பட்ட முடிவுகளை எக்செலில் வரிசையாக எழுதுங்கள்: விடுப்பு, பகுதிநேர விரிவுரையாளர் நியமனம், மாநாட்டுப் பயணம், கொள்முதல், மண்டப முன்பதிவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே முன்மொழிபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர், தகவல் பெறுபவர் என நான்கு கட்டங்கள். ஒப்புதல் கட்டத்தில் ஒரே ஒரு பதவிதான் வர வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

சரிபார்ப்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. தன் பயணச் செலவுக்குத் தானே கையெழுத்திடவும் கூடாது. துறைத் தலைவரின் பில் டீனிடம் போகட்டும்.

பண வரம்பு

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ஓராண்டுக் கொள்முதல்களைத் தொகை வாரியாக அடுக்கிப் பாருங்கள். பத்தில் எட்டு பில்லாவது துறை அளவிலேயே முடியும்படி வரம்பை வையுங்கள். உதாரணத்துக்கு, துறைத் தலைவர் 5,000 ரிங்கிட் வரை, டீன் 50,000 வரை, அதற்கு மேல் கொள்முதல் குழு. ஐந்நூறு ரிங்கிட்டோடு நிறுத்தினால் ஒப்படைத்தும் பயனில்லை, எல்லாமே மேலே ஏறிவிடும்.

12,000 ரிங்கிட் கணினிகளை 4,000 வீதம் மூன்று பில்லாக உடைப்பது பழைய தந்திரம். ‘ஒரு பில்லுக்கு’ என்று எழுதினால் அதற்கு நாமே வழிவிட்டதாகும். ‘ஒரே தேவைக்கு, ஒரே நிதியாண்டில், மொத்தமாக’ என்று எழுதுங்கள். இன்னொன்று: ஒப்புதல் அதிகாரம் வேறு, ‘செபுத் ஹர்கா’, அதாவது விலைப்புள்ளி, எடுக்கும் கடமை வேறு. அதிகாரம் கைக்கு வந்ததால் விலைப்புள்ளி வாங்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

கடிதம்

வாய்மொழி ஒப்படைப்பு தணிக்கையில் நிற்காது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: பெயருக்குப் பதில் பதவி, எந்தெந்த முடிவுகள், தொகை வரம்பு, தொடக்க நாள், முடியும் நாள், கீழே இருப்பவருக்கு மறுபடி ஒப்படைக்கலாமா கூடாதா, எப்போது அறிக்கை தர வேண்டும், திரும்பப் பெறும் உரிமை. பதிவாளர் அலுவலகத்துக்கும் நிதிப் பிரிவுக்கும் நகல் போக வேண்டும். இல்லையென்றால் நிதிப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பிவிடும், அது அவர்கள் தப்பும் இல்லை.

தீபாவளி, தைப்பூச விடுப்புக்குப் பொறுப்பேற்பவருக்கு முழு வரம்பா, பாதியா என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

கொடுத்த பிறகு

‘கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுடுங்க’ என்று டீன் சொன்னால் அதிகாரம் இன்னும் அவரிடமேதான் இருக்கிறது. மாதம் ஒரு முறை, வரம்புக்கு அருகில் வந்த ஒப்புதல்களையும் ஒரே விற்பனையாளருக்குத் திரும்பத் திரும்பப் போனவற்றையும் மட்டும் பார்த்தால் போதும்.

பதவி மாறும் நாளிலேயே கணினி அமைப்பில் பழையவரின் ஒப்புதல் உரிமையை நீக்கச் சொல்லுங்கள். கடிதம் காலாவதியானாலும், கணினியில் அவர் பெயர் இருக்கும்வரை கோப்புகள் அவரிடமே போய்க்கொண்டிருக்கும்.