கிளைக்குப் போடும் இணைய அழைப்பு விட்டு விட்டுக் கேட்கிறதா? ரூட்டரில் சரிசெய்யும் வழி

தஞ்சாவூரில் தலைமை அலுவலகம், மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் கிளை. மூன்று இடத்திலும் ஃபைபர் இருக்கிறது, ஐபி போன் இருக்கிறது, ஆனால் பேச்சு மட்டும் பாதி பாதியாக வருகிறது. உடனே பெரிய பிளானுக்கு மாறுவார்கள். பெரும்பாலும் வீண் செலவு.

கணக்கைப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில், அதாவது குரலை டிஜிட்டலாக்கும் முறையில், ஒரு அழைப்புக்கு விநாடிக்கு 50 பாக்கெட் (தரவுப் பொட்டலம்). ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரித் தலைப்பு. ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட், விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை) வழியாகப் போனால் 110 வாக்கில். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 550 கிலோபிட்தான். 10 மெகாபிட் அப்லோடுக்கு இது ஒரு பாரமே இல்லை. தூரமும் காரணமில்லை. ஃபைபரில் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். பாக்கெட் சென்னை வரை போய்த் திரும்பினாலும் கூடுவது நாலைந்து மில்லி விநாடி.

தொல்லை அப்லோடு வரிசையில் இருக்கிறது. குடோன் கேமராக்கள் வீடியோவை கிளவுடில் ஏற்றும்போதோ, கடை அடைக்கும் நேரத்தில் கணக்கு பேக்கப் ஓடும்போதோ மோடத்தில் 500 கிலோபைட் தேங்கினால், 10 மெகாபிட் வேகத்தில் அது வடிய 400 மில்லி விநாடி ஆகும். குரல் பாக்கெட் அதற்குப் பின்னால் காத்து நிற்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரைப்படி ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது.

படி 1: அளந்து பாருங்கள்

கணினியைக் கேபிளில் ரூட்டரோடு இணையுங்கள். வைஃபையில் அளந்தால் எது யார் குற்றம் என்று தெரியாது. கிளை ரூட்டருக்கு ஐந்து நிமிடம் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடட்டும். பிறகு ஒரு பெரிய கோப்பை அப்லோடு செய்துகொண்டே மறுபடி ஓடவிடுங்கள். முதலில் 20, அடுத்து 300 மில்லி விநாடி என்று வந்தால் வரிசைதான் காரணம். இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். மன்னார்குடிக்காரருக்கு உங்கள் குரல் உடைந்து கேட்டால் உங்கள் அப்லோடை முதலில் சந்தேகியுங்கள். அவர் குரல் உங்களுக்கு உடைந்தால் அவருடையதை.

எதையும் ஏற்றாத நேரத்திலேயே 1 சதவீதத்துக்கு மேல் பாக்கெட் தொலைகிறதா? ஓஎன்டி, அதாவது ஃபைபர் வந்து சேரும் மோடம் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஒளி அளவைப் பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம்மை (ஒளி வலுவின் அலகு) நெருங்கினால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது என்று பொருள். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் மேல் தென்னை மட்டை விழுந்து மடங்கியிருக்கலாம், கனெக்டரில் தூசி இருக்கலாம். கீழே வரும் எந்தப் படியும் இதைத் தீர்க்காது. லைன்மேன்தான் வர வேண்டும்.

படி 2: வரிசையை உங்கள் ரூட்டருக்குக் கொண்டுவாருங்கள்

மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். எஸ்க்யூஎம், அதாவது பாக்கெட் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள ரூட்டர் வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டரில் அதற்கான பேக்கேஜ் கிடைக்கும், மைக்ரோடிக் நிறுவன ரூட்டரில் ரூட்டர்ஓஎஸ் 7 இருந்தால் அதே வேலைக்கு கேக் என்ற வரிசைமுறை உண்டு. இணைய நிறுவனம் தந்த பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) வைத்து, அதற்குப் பின்னால் இந்த ரூட்டரை இணையுங்கள்.

இரவு 8 மணிவாக்கில் மூன்று முறை வேகம் பாருங்கள். ஆகக் குறைந்த அளவில் 85 முதல் 90 சதவீதத்தை ரூட்டரின் எஸ்க்யூஎம் வேக வரம்பாக எழுதுங்கள். அப்லோடு 10 மெகாபிட் என்றால் 8500 முதல் 9000 கிலோபிட். டவுன்லோடுக்கும் அப்படியே. முழு 10000 என்று போட்டால் பயன் இல்லை, நெரிசல் பழையபடி மோடத்துக்கே போய்விடும். தலைமதகில் அளந்து திறந்தால்தான் வாய்க்கால் கரை மீறாது. அதே கணக்குதான் இங்கேயும். 10 சதவீத வேகம் போகிறதே என்று மனசு கேட்காது. போகட்டும்.

படி 3: குரலுக்கு அடையாளம்

டிஎஸ்சிபி என்பது பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் எண். ஐபி போனில் ஆர்டிபிக்கு (குரல் பாக்கெட்) டிஎஸ்சிபி 46, சிப் (SIP) சிக்னலுக்கு, அதாவது அழைப்பைத் தொடங்கி முடிக்கும் செய்திகளுக்கு 24 என்று போடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் 'லேயர் கேக்' ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுங்கள். 'பீஸ் ஆஃப் கேக்' இந்த எண்களைக் கண்டுகொள்ளாது. சாதாரண பிராட்பேண்டில் உங்கள் ரூட்டரைத் தாண்டி இதை யாரும் மதிப்பார்கள் என்று நம்ப வேண்டாம். எம்பிஎல்எஸ் (கிளைகளை இணைக்க நிறுவனம் தரும் தனி வலைப்பின்னல்) ஒப்பந்தம் இருந்தால் கேட்டு வாங்கலாம்.

விபிஎன் வைத்திருந்தால் ஒரு கவனம். ஐபிசெக் வகை விபிஎன் இந்த எண்ணை வெளி உறைக்கும் நகலெடுக்கும், வயர்கார்டு வகை எடுக்காது. டிசிபியில் (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை) ஓடும் விபிஎன்னில் குரலை அனுப்பவே வேண்டாம். ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் உள்ளதெல்லாம் நின்றுவிடும்.

படி 4: சில்லறை வேலைகள்

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் ரூட்டரில் சிப் ஏஎல்ஜியை (சிப் செய்திகளை ரூட்டரே இடையில் திருத்தும் வசதி) அணையுங்கள். போனுக்கு லேன் கேபிள் கொடுங்கள். வைஃபைதான் வழி என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்று சேனலில் ஒன்று. ஜி.729 கோடெக்குக்கு மாறினால் ஒரு அழைப்பு 31 கிலோபிட்டில் அடங்கும், ஆனால் குரல் தரம் குறையும். 4ஜி டாங்கிளில் ஓடும் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் ஓஎன்டி ரீஸ்டார்ட் ஆனால் அழைப்பு அறுந்துவிடும். ஓஎன்டி, ரூட்டர் இரண்டுக்கும் சின்ன டிசி யுபிஎஸ் போடுங்கள். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் யுபிஎஸ் ஆகாது. ஐபி போன்கள் பிஓஇ சுவிட்சில் (லேன் கேபிள் வழியே மின்சாரமும் தரும் சுவிட்ச்) மின்சாரம் எடுத்தால் அந்த சுவிட்சுக்கும் தனியாக பேக்கப் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் படி 1-ஐ மறுபடி செய்யுங்கள். அப்லோடு ஓடும்போது பிங் 30, 40ஐத் தாண்டாமல் நின்றால் சரி. தாண்டினால் படி 2-இல் போட்ட எண்ணை 500 கிலோபிட் குறைத்து, திரும்ப அளந்து பாருங்கள்.