பழைய பொயின்ட் 22 ரைபிள்கள்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் மட்டக்களப்பின் எழுவான்கரை வீடுகளில் எந்த இரும்புப் பொருளும் ஒரு மாரிகாலத்துக்குள் கறள் பிடித்துவிடும். அந்த அச்சத்தினாலேயே, அனுமதிப்பத்திரத்துடன் பழைய பொயின்ட் 22 துவக்கு (குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) வைத்திருப்போர் அதனை அளவுக்கு மீறித் தேய்க்கவும் எண்ணெயில் ஊறவைக்கவும் முற்படுகின்றனர். நான் கண்ட பழுதுகளில் பெரும்பாலானவை சுட்டதால் அல்ல, இத்தகைய கவனிப்பினாலேயே நேர்ந்தவை.

எந்த வேலைக்கும் முன் மகசினை (தோட்டாக்கள் அடுக்கும் கூடு) கழற்றி, தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை வெறுமையாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்த வேண்டும். அதன்பின் விசையை வெறுமனே இழுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பொயின்ட் 22 ரைபிளில் இடும் ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்துத் தூண்டி அடிவிளிம்பினுள் இருப்பதால், போல்ட்டில் உள்ள ஊசி அந்த விளிம்பையே அடிக்கிறது. தோட்டா இல்லாதபோது பல பழைய ரைபிள்களில் அதே ஊசி தோட்டா அறையின் ஓரத்தில் மோதிப் பள்ளம் உண்டாக்கும். பிறகு தோட்டா சீராக உட்காராது, சில வேளை வெடிக்காமலும் போகும்.

குழலை முன்வாயிலிருந்து கம்பி விட்டுத் துடைப்பது அதைவிடக் கேடானது. சன்னம் இறுதியாகத் தொட்டுப் பிரியும் இடம் குழல்வாயின் விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தால் குறி தவறும். போல்ட் கழலும் ரைபிளாயின் பின்புறமிருந்தே துடைக்க வேண்டும். மென்மையான ஈயச் சன்னத்துக்கு ஒவ்வொரு முறையும் உலோகத் தூரிகை தேவையில்லை. சிறிது எண்ணெய் தோய்ந்த துணியே பெரும்பாலும் போதும்.

எண்ணெய் விடயத்தில் நம்மவர் செய்யும் தவறைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு மெல்லப் பிசினாகி, ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தேங்காய் எண்ணெய் நாட்பட்டுக் காறி அமிலமாகும். தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவதே நல்லது. கூடுதலாக ஊற்றினால் அது பிடங்கின் மரத்துக்குள் இறங்கி, மரத்தை மென்மையாக்கிவிடும். தோலுறைக்குள் வைத்துப் பூட்டுவதும், குழல்வாயில் துணி அடைப்பதும் ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். மறந்துபோன அத்துணியோடு சுட நேர்ந்தால் குழலே வீங்கும். 1920களுக்கு முந்திய பல தோட்டாக்களின் தூண்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அதன் உப்புப் படிவு ஈரத்தை உறிஞ்சும், எண்ணெயில் கரையாது. அக்காலக் குழல்களில் காணும் குழிகளுக்கு இதுவே முக்கிய காரணம். அக்குழிகளைத் தேய்த்து அகற்ற முயல வேண்டாம்.

மண்தாளால் வெளிப்புறத்தைப் பளபளப்பாக்கினால் கறளைத் தடுக்கும் நீலப்பூச்சும் தயாரிப்பாளர் முத்திரையும் போய்விடும். தொடர் இலக்கம் அழிந்தால், அது அனுமதிப்பத்திரத்தோடு ஒத்துப்போகாமல் சட்டச் சிக்கலாகவும் மாறும். திருகாணியின் பிளவுக்குப் பொருந்தாத திருப்புளியால் அதன் தலையைச் சிதைப்பதும் இதே வகைத் தவறு.

விசை, போல்ட், ஊசி ஆகியவற்றை அரத்தால் அராவித் திருத்த முயல்வது உயிராபத்தானது. அவற்றை உரிமம் பெற்ற திருத்துநரிடமே ஒப்படைக்க வேண்டும். 1930 அளவில் வந்த அதிவேகத் தோட்டாக்களை அதற்கு முந்திய ரைபிளில் அவரிடம் கேட்காமல் இடக்கூடாது. சுடும்போது வழமைக்கு மாறாக மெல்லிய ஓசை கேட்டால், சன்னம் குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவை இடாமல், துவக்கின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி சற்றுப் பொறுத்து, தோட்டா அறையை வெறுமையாக்கிய பின்னரே குழலைச் சோதிக்க வேண்டும்.