கொதிக்க வைத்ததுதான் தப்பு: விஜிலட்-1 பேண்ட் வராத கதை

எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிச் சாம்பிளில் விஜிலட்-1 (VGLUT1, நரம்புச்செல்லில் குளூட்டமேட்டைச் சிறு பைகளில் நிரப்பும் புரதம்) புரதத்துக்கு வெஸ்டர்ன் பிளாட் போட்டுக்கொண்டிருந்தேன். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுத்தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை அது. 60 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் பேண்ட், அதாவது கருப்புக் கோடு, வரவேண்டும். வெறும் வெள்ளை. ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் ஆக்டின் புரதம் மட்டும் 42-ல் கொழுகொழுவென்று வந்தது. அதைப் பார்த்து சாம்பிளில் கோளாறில்லை என்று நம்பிவிட்டேன்.

முதலில் ஆன்டிபாடி மேல் சந்தேகம். புதுசு வாங்கினேன், அதே வெள்ளை. ஜெல்லிலிருந்து சவ்வுத்தாளுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் நேரத்தைக் கூட்டினேன், நைட்ரோசெல்லுலோஸை விட்டு பிவிடிஎஃப் சவ்வுக்கு மாறினேன். புரதம் சிதையாமல் தடுக்கும் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் போட்டுத் திசுவைப் புதிதாக அரைத்தும் பார்த்தேன். எட்டு நாள் போச்சு.

ஒன்பதாம் நாள் அலுப்பில் ஸ்டாக்கிங் ஜெல்லை (சாம்பிள் ஊற்றும் கிணறுகள் இருக்கும் மேல்பகுதி) வெட்டி எறியாமல் அப்படியே டிரான்ஸ்ஃபர் செய்தேன். எக்ஸ்போஷரில் (சவ்வுத்தாளை எடுத்த படத்தில்) கிணறுகளின் அடிவிளிம்பில் கருப்பாக ஒரு கறை. புரதம் உள்ளேயே இறங்கவில்லை! தினமும் அதைக் குப்பைத்தொட்டியில்தான் போட்டிருக்கிறேன்.

விஜிலட்-1 செல்லில் உள்ள கொழுப்புச் சவ்வைப் பலமுறை குறுக்கே கடக்கும் புரதம். நான் செய்ததுபோல லேம்லி பஃபரில் (ஜெல்லில் ஏற்றும் முன் சாம்பிளோடு கலக்கும் கரைசல்) 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் அதன் நீர்வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டி ஜெல்லுக்குள் நுழையாது. ஆக்டினுக்குக் கொதித்தாலும் ஒன்றும் ஆகாது, அதனால்தான் என்னை ஏமாற்றியது.

அதே பழைய லைசேட்டில் (திசுவை அரைத்த கரைசல்) புது டிடிடி (புரதத்தின் சல்பர் பிணைப்புகளை உடைக்கும் வேதிப்பொருள்) சேர்த்து, 37 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து ஓட்டினேன். 60-க்குப் பக்கத்தில் பேண்ட். இப்போது குழாய் மூடியிலேயே ‘கொதிக்காதே’ என்று மார்க்கரில் எழுதிவிடுகிறேன்.